சபை மலரில் விடுபட்ட பக்கம்

(ஒரு சபை நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மரியாதைக்குரிய குருவானவர்களே, சேகரக் கமிட்டி அங்கத்தினர்களே, அன்பான சபை மக்களே!

வேதாகமத்தில் வரும் அனனியா, அவன் மனைவி சப்பீராள் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நிலத்தை விற்றார்கள், கிரயத்தில் ஒரு பங்கை ஒதுக்கிக்கொண்டார்கள், விழுந்து செத்தார்கள். காணிக்கையைக் குறைக்காதே என்று மிரட்டவே அந்தக் கதை பெரும்பாலும் பயன்படுகிறது. ஆனால் அப்போஸ்தலன் பேதுரு கேட்டது என்ன? "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" நிலம் அவனுடையது, பணமும் அவனுடையது. பாதிதான் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் பேதுரு வாங்கி வைத்திருப்பார். முழுவதையும் கொண்டுவந்ததாகக் காட்டிக்கொண்டான் பாருங்கள், அங்கேதான் விழுந்தான்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகக் காட்டிக்கொள்கிறீர்களா என்ற கேள்வி நம் தமிழ்த் திருச்சபைகளிடம் வந்தால், முதலில் மாட்டுவது சாதியில்தான்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் உங்களுக்குத் தெரியும். 1745-இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த மனிதர், உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட குடும்பம். மனம் திரும்பியபின் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். 1752-இல் காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அதே வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்கள் கட்டிய கோவிலைப் பாருங்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரிந்து போகும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடாரும் பிறரும். நடுவே சுவர். பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கத்தாருக்கு அந்தப் பக்கத்தார் முகம் தெரியாது. சாதி அங்கே கட்டட வரைபடத்திலேயே ஏறியிருந்தது. 1910-இல் காசனெல் சாமியார் சுவரை இடிக்க வைத்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை நடந்தது, அவர்கள் தோற்றார்கள்.

அதெல்லாம் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்க, சங்கதி என்று புராட்டஸ்டன்ட் சபையாரான நம்மவர்கள் யாரும் நிம்மதி அடைய வேண்டாம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறிவிட்டார்கள். அவர்கள் செய்தது பெரும் தவறு. ஆனாலும் தங்களுக்கு எது பெரிது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. பின்னால் வந்த நாம், வெளியேறாமல் உட்கார்ந்து தலையாட்டக் கற்றுக்கொண்டோம். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த சுவரை இடிக்க ஒரு சாமியார் வந்தார். மணமகள் தேவை விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வருகிற சாதிப் பெயரை யார் இடிப்பது? ஒரே ஊரில், ஒரே சபைக்கு, இரண்டு கல்லறைத் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றனவே, அதை எந்தப் பிரசங்கத்தில் கேட்டீர்கள்?

வாரந்தோறும் பாவ அறிக்கை சொல்கிறோம். நினைவினாலும் வார்த்தையினாலும் செய்கையினாலும் பாவம் செய்தோம் என்கிறோம். எந்தப் பாவம், யாருக்கு விரோதமாக என்று ஒரு தடவையாவது பெயர் சொல்லியிருக்கிறோமா? பெயர் இல்லாத பாவத்தை அறிக்கை செய்வதில் யாருக்கும் நோவு இல்லை.

2003-இல் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமாபுரிக்குப் போனபோது, போப் இரண்டாம் ஜான் பால் இந்தச் சாதிப் பாகுபாட்டை அவர்கள் முகத்துக்கு நேரே கண்டித்தார். 2022-இல் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, அவர் பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை'யை விட்டுவிட்டார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் வாலை வெட்டிவிட்டால் வரலாறு கழுவப்பட்டுவிடாது. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் அப்படி ஒரு சுவர் நின்றது என்பதையும் அவர் திருநாளில் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கமிட்டியாரிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் பேசினேன். அடுத்த ஆண்டு மலர் போடப் போகிறீர்கள். சபை மலர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான்: பேராயர் வாழ்த்து, மிஷனரி படம், ஊழியம் செய்த போதகர்கள் பட்டியல், கட்டட நிதி கொடுத்தவர்கள், பிறகு கடை விளம்பரங்கள். இந்த முறை நான்கு பக்கம் ஒதுக்குங்கள். காலனியில் எண்பது வயதைத் தாண்டிய தாத்தா, பாட்டிகளிடம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளை அனுப்புங்கள். இந்த ஆலயத்தில் யார் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், யார் தரையில் உட்கார்ந்தார்கள், திருவிருந்தில் யார் கடைசியில் நிறுத்தப்பட்டார்கள், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் யாருக்குத் தனிப் பந்தி என்று அவர்கள் வாயால் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வரட்டும். நம் தாத்தாக்களின் பெயர் அதில் வரும். என் தாத்தா பெயரும் வரலாம். வரட்டும், அச்சடியுங்கள். வெளியிடும் நாளில் அந்த நான்கு பக்கங்களையும் ஆராதனையிலேயே, பாவ அறிக்கைக்கு முன்னால், சத்தமாக வாசியுங்கள்.