நார்வேக்காரர் வந்த கரையில் ஒரு தொழிற்பள்ளி

(ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் தொழிற்பயிற்சி மாணவர்கள், பெற்றோர், மீனவச் சங்கத்தார் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, பட்டறை உடுப்போடு வந்திருக்கிற தம்பி தங்கைகளே, வணக்கம்.

ஐ.டி.ஐ. என்றால் படிப்பு ஏறாத பிள்ளைக்குப் போக்கிடம் என்று ஒரு பேச்சு நம் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறது. அது என்னை உறுத்துகிறது. தொழிற்பள்ளியின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

சென்னையில் 1850-ல் கலைப்பள்ளி தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஒரு மருத்துவர். அடுத்த ஆண்டே அதோடு ஒரு தொழிற்பள்ளியையும் சேர்த்தார். நமக்குத் தெற்கே நாசரேத்தில், தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறும் முன்பே, 1878-ல் கிறிஸ்தவ மிஷனரியான மர்காஷிஸ் ஐயர் ஒரு தொழிற்பள்ளி வைத்தார். பஞ்சத்தில் நொடித்த ஊருக்குக் கஞ்சி மட்டும் போதாது, கையில் ஒரு தொழிலும் வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே இங்கே வேர்விட்டது.

விடுதலைக்குப் பிறகு 1950-ல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. இன்றைய ஐ.டி.ஐ.கள் அதிலிருந்து வந்தவைதான். 1961-ல் தொழில் பழகுநர் சட்டம் வந்து, பயிற்சி முடித்த பையனை ஆலைக்குள் சேர்த்துப் பழக்கும் பொறுப்பை முதலாளிமார் தலையில் வைத்தது.

வெளிநாட்டுக் கூட்டுறவும் இதே காலத்தில்தான் வளர்ந்தது. தலச்சேரிப் பக்கம் நெட்டூரில் 1959-ல் சுவிட்சர்லாந்து உதவியோடு தொழில்நுட்பப் பயிற்சி மையம் எழுந்தது. கிண்டியில் 1968-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் துணை நிற்க, உயர்நிலைப் பயிற்சி நிலையம் வந்தது. பெங்களூரில் 1971-ல் ஃபோர்மன்களுக்கான, அதாவது பட்டறை மேற்பார்வையாளர்களுக்கான, பயிற்சி நிலையத்துக்கு ஜெர்மனி கைகொடுத்தது. கிண்டியையும் பெங்களூரையும் நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அங்கே பயின்றவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள், பிறரை வேலை வாங்குகிறவர்கள், பிறருக்குக் கற்பிக்கிறவர்கள். நன்கொடையாக வந்த லேத் மெஷின் இருபது ஆண்டில் பழசாகிவிடும். நன்றாகப் பழகிய ஒரு வாத்தியார் ஓய்வு பெறும் வரை ஆண்டுக்கு ஒரு வகுப்பு பிள்ளைகளை உருவாக்கிக்கொண்டே இருப்பார். வெளிநாட்டு உதவி எதில் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டால் வாத்தியாரில் என்றுதான் சொல்வேன்.

இனி மண்டபத்துக்கு வருவோம். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தன் ஆரம்ப காலத்தில் பல ஆண்டுகள் இருந்தது இந்த மண்டபம் முகாமில்தான். 1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் வேலையைத் தொடங்கியது. படகுக்கு எஞ்சின், மீனுக்கு ஐஸ், ஊருக்குக் குடிநீரும் மருத்துவமும் என்று விரிந்த திட்டம் அது. 1960-களில் அது நம் மண்டபத்துக்கும் வந்தது. 1972-ல் நார்வேக்காரர்கள் பொறுப்பை இந்தியாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

எஞ்சின் நம் கரையில் நின்றுவிட்டது. அதைப் பழுதுபார்க்கும் கல்வி அதே அளவுக்கு இங்கே ஊன்றவில்லை என்பது என் ஆதங்கம். தரையில் ஓடும் எஞ்சினைப் படித்த பிட்டருக்குக் கடல் எஞ்சின் புதிது. இங்கே குளிரூட்டுவது உப்புத் தண்ணீர். படகுக்கு வெளியே மாட்டுகிற அவுட்போர்டு எஞ்சினைக் கடலில் ஓட்டிக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் உள்வழி உப்பால் அடைபடும். அடிப்பகுதியில் பொருத்துகிற துத்தநாகக் கட்டி அரிபட்டுத் தேயத்தான் வைத்திருக்கிறோம். அது தேய்வதால்தான் மற்ற உலோகம் பிழைக்கிறது. இது தெரியாதவர் அதன்மேல் பெயின்ட் அடித்துவிடுவார், பிறகு புரொபெல்லர் அரிபடும். விசைப்படகில் ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லையென்றால் பேரிங் போகும், தண்ணீர் கசியும். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். பாக் நீரிணையில் அது எந்தப் பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லை தாண்டிச் சிறைப்பட்டவர்களின் வீட்டுப் பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

இந்தக் கல்வி நாட்டில் இல்லாமல் இல்லை. 1963-ல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனம், சிஃப்நெட் என்கிறோமே, அது மரைன் பிட்டர் பயிற்சி தருகிறது. கிளைகள் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கின்றன. நம் பிள்ளை அந்த ஊர்களுக்குப் போய்த்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

வளைகுடாவுக்குப் போகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. கீழக்கரை, தொண்டி, தேவிப்பட்டினம் வீடுகளில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் புதிதல்ல. வெல்டராகப் போகிறவரிடம் அங்கே சிக்ஸ் ஜி தேர்வு கேட்பார்கள். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றிச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுத்தோ வளைத்தோ பார்ப்பார்கள். அதில் தேறியவருக்குக் கிடைக்கும் கூலி வேறு, ஹெல்ப்பராகப் போகிறவருக்குக் கிடைக்கும் கூலி வேறு. இந்தத் தேர்வுக்கு ஏஜென்டிடம் பணம் கட்டிப் பழகுவதைவிட, நம் தொழிற்பள்ளியிலேயே ஓராண்டு வெல்டர் படிப்போடு சேர்த்துப் பழக வழி செய்ய வேண்டும்.

2023-ல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் நவீனத் தொழில்நுட்ப மையங்களைத் திறக்கத் தொடங்கியது. மனமார வரவேற்கிறேன். ரோபோவும், கணினி சொல்படி இயங்கும் சிஎன்சி எந்திரமும் நம் பிள்ளைகள் கைக்கு வரட்டும். அதே அக்கறை உப்புக்காற்றில் ஓடும் எந்திரத்துக்கும் வேண்டும்.

நான் கேட்பது இதுதான். இந்தக் கரையில் சிஃப்நெட்டின் ஒரு பயிற்சிப் பிரிவு வேண்டும். நம் ஐ.டி.ஐ. வாத்தியார்கள் நார்வே போன்ற கடல்நாட்டுக்குச் சில மாதம் போய்ப் பழகிவர ஒரு உடன்பாடு வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது படகுத் துறையிலேயே எஞ்சின் வகுப்பு நடத்தலாம். ஓட்டுநரும் வருவார், பழகுவதற்கு எஞ்சினும் எதிரிலேயே இருக்கும். பெண்பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும்.

இதற்கான மனுவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். சங்கத் தலைவர்கள் படித்துப் பார்த்து, விடுபட்டதைச் சேர்த்துக் கையெழுத்திட்டுத் தாருங்கள். பெற்றோரும் கையெழுத்துப் போடலாம். அடுத்த தடைக்காலம் தொடங்குமுன் மாவட்ட ஆட்சியரிடம் சேர்த்துவிடுவோம்.