உடம்பு இளைத்த பிறகு தைராய்டு மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் தைராய்டு சிக்கல்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். கத்தி பிடிக்கும் ஆள் அல்ல. அறுவை மருத்துவர்கள் தங்கள் வேலையை முடித்து அனுப்பிய பிறகு, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, "எடை இறங்கிவிட்டது டாக்டர், ஆனால் உடம்பு என்னவோ சரியில்லை" என்று வருகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

அவர்களில் பலருக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. அறுவைக்குப் பிறகு சிலருக்குச் சர்க்கரை மாத்திரை நின்றுபோகிறது, இரத்த அழுத்த மாத்திரை பாதியாகிறது. அதே போலத் தைராய்டு டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நடப்பதில்லை. நம்மிடையே தைராய்டு குறைபாட்டுக்கு முக்கியக் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்கிச் சிதைப்பது. இளைத்தால் அது மறுபடி முளைக்காது. சுரப்பியையே எடுத்துவிட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு. பருமனாக இருப்பவர்களில் சிலருக்கு, சுரப்பி நன்றாக இருக்கும்போதே டி.எஸ்.எச். அளவு லேசாக ஏறி நிற்கும். டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்க மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும். எடை இறங்கினால் அந்த ஏற்றமும் இறங்கும். அந்த லேசான ஏற்றத்துக்காக மட்டும் மாத்திரை தொடங்கியவர்கள் ஒருவேளை நிறுத்த முடியலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மைத்துனி சொல்லக் கூடாது.

மற்றவர்களுக்கு மாத்திரை தொடரும்; ஆனால் அளவு மாறும். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு, எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் என்பது தோராயக் கணக்கு. ஆள் பாதியாகிவிட்டபோது பழைய "150 பவர்", அதாவது 150 மைக்ரோகிராம், மாத்திரை எப்படிப் பொருந்தும்? இது ஒரு பக்கம். மறு பக்கம், மாத்திரை கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், உடம்பில் சேரச் சிறுகுடல் வேண்டும். ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது, அமிலம் குறைகிறது. பைபாஸில் சிறுகுடலின் மேல்பகுதி வழியிலிருந்தே விலக்கப்படுகிறது. ஆக, தேவை குறைகிறது, உறிஞ்சும் திறனும் சிலருக்குக் குறைகிறது. இரண்டில் எது மிஞ்சும் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலருக்கு அளவைக் குறைக்க வேண்டி வருகிறது, சிலருக்குக் கூட்ட வேண்டி வருகிறது.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். டி.எஸ்.எச். 18. வேறிடத்தில் 100 என்பதை 125 ஆக்கி, 150 ஆக்கியும் இறங்கவில்லை. "மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்றேன். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தார். தைராய்டு மாத்திரை, கால்சியம், இரும்புச்சத்து, மல்டிவைட்டமின், ஒரு கேஸ் மாத்திரை. அறுவைக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்க முடியாது என்பதால், மிடறு மிடறாகக் குடித்து அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுவாராம். "காலையிலேயே கடமை தீர்ந்துவிடும்" என்றார். அங்கேதான் வினை. கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். குடல் வழியே வெளியே கொண்டுபோய்விடும். கேஸ் மாத்திரை இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் அடக்கிவிடும். விடியற்காலையில் தைராய்டு மாத்திரை மட்டும், நான்கு மணி நேரம் கழித்துக் கால்சியம், இரவில் இரும்பு என்று பிரித்தோம். அளவையும் 100-க்கு இறக்கினோம். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 3.

சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முத்துச்சிப்பி பஸ்பம் கால்சியம்தான், அன்னபேதி செந்தூரம் இரும்புதான். இங்கிலீஷ் மருந்தோடு சேராது என்று பொதுவாகச் சொல்லி விடுவதைவிட, நேரத்தைப் பிரித்துக்கொள்வது மேல். காப்பிக்கும் இது பொருந்தும். மாத்திரைக்கும் முதல் காப்பிக்கும் இடையே அரை மணியாவது வேண்டும், ஒரு மணி நேரமானால் நல்லது. சென்னையில் இதைச் சொன்னால் நோயாளிகள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! முடியாதவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம். அப்போது இரும்பு மாத்திரையை மாலைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

அளவு கூடிப்போனால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாமல் போவதுதான் ஆபத்து. மருந்து மிகையானால் எடை இன்னும் வேகமாக இறங்கும். அதைக் குறையென்று யார் சொல்லப்போகிறார்கள்? சொந்தக்காரர்கள் பாராட்டுகிறார்கள். மே மாதத்தில் வியர்க்கிறது என்றால் ஊருக்கே வியர்க்கிறது. ஆனால் கை நடுங்குவதும், படபடப்பும், தூக்கம் கெடுவதும் மருந்தின் வேலை. கரைவது கொழுப்பு மட்டும் அல்ல, தசையும் எலும்பும்தான். அறுவைக்குப் பிறகு எலும்பு ஏற்கெனவே மெலியக்கூடியது. எடை திரும்ப ஏறத் தொடங்கியதும் தாமாகவே ஒரு மாத்திரை கூடுதலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி நீர். பத்து, பதினைந்து கிலோ ஏறினால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

முடி கொட்டுவதைப் பற்றியும் சொல்கிறேன். அறுவைக்கு மூன்று, நான்கு மாதத்தில் சீப்பு நிறைய முடி வரும். எடை சட்டென்று குறைந்ததும் புரதம் போதாததும் முக்கியக் காரணங்கள். பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டுவிடும். பயந்துபோய் மருந்துக் கடையில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அது சில ஆய்வுக்கூடங்களின் பரிசோதனை முறையைக் குழப்பிவிடும். டி.எஸ்.எச். குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். அந்தத் தாளை நம்பி மருந்தைக் குறைத்தால் உண்மையான குறைபாடு தலைதூக்கும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு, மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அன்று காலைத் தைராய்டு மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

எடை வேகமாக இறங்கும் முதல் வருடத்தில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது என் வழக்கம். அளவு மாற்றினால் ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் போதும். அந்த மருந்து உடம்பில் பாதியாகவே ஒரு வாரம் ஆகும், அவசரப்பட்டுப் பார்ப்பதில் பயனில்லை. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் அறுவைக்குப் பிறகு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை தள்ளிப்போடுவது நல்லது. கரு நின்றது தெரிந்த அந்த வாரமே தைராய்டு பரிசோதனை செய்துவிட வேண்டும், ஸ்கேன் தேதி வரை காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தில் மருந்தின் தேவை தொடக்க வாரங்களிலேயே ஏறத் தொடங்கிவிடும். வணக்கம்.