‘போன்ற’ என்று ஒரு சொல்

(கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்றைக்கு மைக்கோடு சண்டை போடுகிறது. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

என் அக்கா மகனுக்கு ஆட்டிசம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். போன வருடம் ஒரு வியாபாரி போனில் அக்காவைப் பிடித்து, ‘எலியில் நிரூபித்த மருந்து’ என்று மூன்று டப்பா பொடியைத் தலையில் கட்டிவிட்டார். இருபது வருடம் விலங்கியல் நடத்திய தம்பி ஒருவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆற்றாமையில்தான் எலியைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்து எலி சுண்டெலிதான். ஆனால் உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் 20 தலைமுறைக்குக் குறையாமல் இணை சேர்த்து உருவாக்கிய வம்சம். (சொந்தத்தில் கல்யாணம் பற்றிப் பேசப்போகிறேன் என்று மாமன்மார் யாரும் எழுந்து போக வேண்டாம்.) நேந்திரன் வாழை வைத்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரே தாய்க்கிழங்கின் பக்கக் கன்றுகளை நட்டால் எல்லாம் ஒரே ரகம். அதில் ஒன்று மட்டும் சோடை போனால் ரகத்தைக் குறை சொல்ல மாட்டோம், மண்ணையும் தண்ணீரையும் பார்ப்போம். இங்கேயும் அதே கணக்குதான். ஒரு வம்சத்து எலிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர் மாதிரி. இப்படி முதல் வம்சத்தை 1909-இல் அமெரிக்காவில் தொடங்கியவர் கிளாரன்ஸ் லிட்டில். 1929-இல் அவர் நிறுவிய ஜாக்சன் ஆய்வகம் இன்றும் உலகம் முழுக்க எலி அனுப்புகிறது.

ஆட்டிசத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. நடத்தையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அதனால் எலியிலும் நடத்தையைத்தான் அளக்க வேண்டியிருக்கிறது.

மூன்று அறை உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்து அறையில் கம்பிக் கூண்டுக்குள் முன்பின் தெரியாத ஒரு எலி. மறு ஓரத்தில் அதே மாதிரிக் கூண்டு, காலி. நடு அறையில் நம் எலியை விட்டு, கதவைத் திறந்து 10 நிமிடம் பார்க்கிறார்கள். ‘பிளாக் சிக்ஸ்’ என்று ஆய்வாளர்கள் கூப்பிடும் கருப்பு எலி விருந்தாளியிடம் ஓடி, கம்பி வழியாக மூக்கை நீட்டி மோந்து பார்க்கும். பி.டி.பி.ஆர். என்று இன்னொரு வம்சம், முதுகு கருப்பு, வயிறு தவிட்டு நிறம். அதற்கு அந்த எலியும் ஒன்றுதான், காலிக் கூண்டும் ஒன்றுதான். தனியாக விட்டால் உட்கார்ந்து முன்னங்காலால் மூக்கைத் துடைக்கும், காதைத் துடைக்கும், வயிற்றை நக்கும், திரும்ப மூக்குக்கு வரும். எல்லா எலியும் செய்வதுதான், இது நிறுத்தாமல் செய்யும். சக்கரம் சுற்றுகிற பையன் ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது. அங்கேதான் நாம் வழுக்குகிறோம்.

ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஆட்டிசம் எலி’ என்று கவனமுள்ளவர்கள் எழுதுவதில்லை, ‘ஆட்டிசம் போன்ற நடத்தை’ என்கிறார்கள். அந்தப் ‘போன்ற’ ரொம்ப முக்கியம். பி.டி.பி.ஆர். எலிக்கு மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கும் நரம்புக் கற்றையே கிடையாது. ஆட்டிசம் உள்ள பெரும்பாலோருக்கு அது இருக்கிறது. சரி, அந்தக் குறைதான் எலியை ஒதுங்க வைக்கிறதா? பழகும் வம்சத்துக் குட்டிகளில் அந்தக் கற்றையை வெட்டிப் பார்த்தார்கள். அவை வளர்ந்தபிறகும் நன்றாகவே பழகின.

எனக்குப் பிடித்தது 2011-இல் நரம்பியல் ஆய்வாளர் ஜாக்குலின் கிராலியின் குழு வெளியிட்ட ஒரு சோதனை. பால் மறந்த பி.டி.பி.ஆர். குட்டிகளைப் பிளாக் சிக்ஸ் குட்டிகளோடு ஒரே கூண்டில் 20 நாள் வளர்த்தார்கள். அப்புறம் மூன்று அறைப் பெட்டியில் விட்டால், ஒதுங்கும் வம்சத்து எலி விருந்தாளியைத் தேடிப் போகிறது! தன் வம்சத்தோடே வளர்ந்தவை பழையபடிதான் இருந்தன. மரபணு மாறவில்லை, கூட இருந்தவர்கள் மாறினார்கள். ஆனால் உடம்பைத் துடைக்கிற பழக்கம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

மருந்துக்கு வருவோம், வியாபாரி அதைத்தானே சொன்னார். ஃப்ராஜைல் எக்ஸ் என்கிற மரபுக் குறைபாடு ஆட்டிசத்தோடு சேர்ந்து வருவது உண்டு. அந்தக் குறைபாடு உள்ள எலிகளில் ஒரு வகை மருந்து அருமையாக வேலை செய்தது. அந்த வகையைச் சேர்ந்த மாவோகுளுரன்ட்டை மனிதரிடம் சோதித்து 2016-இல் முடிவு வந்தபோது, வெறும் மாவு மாத்திரையைவிட அது மேல் என்று காட்ட முடியவில்லை. முறையாகச் சோதித்த மருந்துக்கே இந்தக் கதி. எந்த எலி, என்ன சோதனை, மனிதரில் பார்த்தார்களா என்று நான் கேட்டதும் வியாபாரி போனை வைத்துவிட்டார்.

அக்கா மகன் இன்றும் சக்கரம் சுற்றுகிறான். இப்போது பக்கத்து வீட்டுப் பையன் கூடவே உட்கார்ந்து அச்சுக்கு எண்ணெய் விடுகிறான். இதை எலிக் கூண்டோடு முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை, பார்த்ததைச் சொன்னேன். அந்த மூன்று டப்பாவில் இரண்டில் அக்கா கொத்தமல்லி போட்டு வைத்திருக்கிறாள். மூன்றாவதை இன்னும் பிரிக்கவில்லை, கையோடு கொண்டுவந்திருக்கிறேன். மேசையில் இருக்கிறது, பின்பக்கம் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள்.