மேரிலாந்து கொடி நேராக இருக்கிறதா, தலைகீழா?

[திரை: ஒரே கொடியின் இரண்டு படங்கள், அருகருகே]

இந்த இரண்டில் ஒன்று தப்பு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலக் கொடிதான் இரண்டுமே. ஒன்றை மட்டும் அரைச்சுற்று திருப்பி வைத்திருக்கிறோம். சட்டென்று தெரியாது. ஏன் என்று புரிய, கொடியை வரைந்தே பார்த்துவிடலாம்.

[திரை: தாள், அளவுகோல்]

நீளம் 90 செ.மீ., உயரம் 60. நான்கு கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 45-க்கு 30. மேல் இடதும் கீழ் வலதும் தங்கம்-கறுப்பு. மற்ற இரண்டும் சிவப்பு-வெள்ளை.

தங்கம்-கறுப்புக் கட்டத்தில் ஆறு நெடுக்குப் பட்டைகள், தலா 7.5 செ.மீ. இடப்பக்கம் தங்கத்தில் தொடங்கி மாறி மாறி வரும். அவற்றின் மேல், இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு ஒரு சாய்வுப் பட்டை. கை தவறுவது இங்கேதான். சாய்வுப் பட்டைக்கென்று தனி நிறம் கிடையாது; தங்கத்தைக் கடக்கும்போது அது கறுப்பு, கறுப்பைக் கடக்கும்போது தங்கம். அதனால் முதல் பட்டை தங்கமாக இருந்தும் அதன் மேல் மூலை கறுப்பாகிவிடுகிறது. கீழ் வலது கட்டம் இதன் நகலேதான், கண்ணாடிப் பிம்பம் அல்ல.

சிவப்பு-வெள்ளைக் கட்டத்தில் ஒரு சிலுவை, முனைகளில் மூவிலை வடிவம். கட்டத்தை மாறி மாறிச் சிவப்பும் வெள்ளையுமாக நான்காகப் பிரிக்கும் கோடுகள் சிலுவையின் நடுவே ஓடுவதால், அதன் ஒவ்வொரு கையும் நீளவாக்கில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. வெள்ளைத் தரையில் சிவப்பு வரும், சிவப்புத் தரையில் வெள்ளை வரும்.

[திரை: கால்வர்ட் குடும்பக் கேடயம்]

1632-இல் இந்தக் குடியேற்றத்துக்கு உரிமை பெற்ற பால்டிமோர் பிரபு சிசில் கால்வர்ட்டின் குடும்பச் சின்னம் இது. தங்கமும் கறுப்பும் கால்வர்ட் வழி. சிவப்பும் வெள்ளையும் சிசிலின் தந்தை ஜார்ஜ் கால்வர்ட்டுக்குத் தாய்வழியில் வந்த கிராஸ்லாண்ட் நிறங்கள்.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தபோது மேரிலாந்து ஒன்றியத்திலேயே, அதாவது வடக்குத் தரப்பிலேயே, இருந்தது. ஆனாலும் தெற்குப் படையில் சேரப் போன மேரிலாந்துக்காரர்கள் சிவப்பு-வெள்ளையையும் அந்தச் சிலுவையையும் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். தங்கம்-கறுப்பு ஒன்றிய ஆதரவாளர்களோடு சேர்ந்தது. போர் முடிந்த பிறகுதான் இரண்டும் ஒரே துணியில் வந்தன. 1880 அக்டோபரில் பால்டிமோர் நகரின் 150-ஆம் ஆண்டு ஊர்வலத்திலும், 1888-இல் அந்தப் போரின் களங்களில் ஒன்றான கெட்டிஸ்பர்க்கிலும் இது பறந்தது. சட்டப்படி மாநிலக் கொடியானது 1904-இல். இரு தரப்பின் சமரசம் என்று இதைக் கொண்டாடுவதுண்டு. போரில் அந்தச் சிலுவை எந்தப் பக்கம் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

[திரை: மீண்டும் இரண்டு படங்கள்]

இனி சோதனை. அரைச்சுற்று திருப்பினால் தங்கம்-கறுப்புக் கட்டங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறும், சிவப்பு-வெள்ளையும் அப்படியே. சிலுவைக் கட்டம் அரைச்சுற்று சுழற்றினாலும் முன்போலவே தெரியும், அதைப் பார்த்துப் பயனில்லை. தங்கமும் கறுப்பும் மட்டும் நிறம் மாற்றிக்கொள்ளும். ஆகவே கம்பத்தை ஒட்டிய மேல் மூலையைப் பாருங்கள். கறுப்பு என்றால் சரி. தங்கம் என்றால், சுவரில் மாட்டியவரோ அச்சுக்குக் கொடுத்தவரோ படத்தைச் சுழற்றிவிட்டார். அந்த மூலையில் சிவப்பு-வெள்ளையே இருந்தால், கயிற்றில் கட்டும்போது கொடியின் மேல் துளையும் கீழ்த் துளையும் மாறிவிட்டன. இறக்கி மாற்றிக் கட்ட வேண்டும். பின்பக்கமிருந்து பார்த்தாலும் இதே விதிதான், கம்பம் மட்டும் உங்கள் வலப்பக்கம் இருக்கும்.

கம்ப உச்சிக்கும் விதி உண்டு: 1945 முதல் தங்க நிற மூவிலைச் சிலுவைதான் இந்தக் கொடிக்கு உரிய அணி. கழுகோ ஈட்டி முனையோ வைத்த கம்பம் இதற்கு ஆகாது.