அந்த ஒண்ணு எதுன்னு முன்னாடியே தெரியுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். சோஷியல் மீடியா மார்க்கெட்டிங்ல ஜெயிக்க வைக்கிறது தரமா எண்ணிக்கையான்னு தலைப்பு, நான் எண்ணிக்கை பக்கம். இப்ப பேசிட்டு உக்காந்தவரு "நூறு போஸ்ட் எதுக்கு, நச்சுன்னு ஒண்ணு போதும்"னு சொல்லி கைதட்டலும் வாங்கிட்டாரு. சரிங்க, அந்த ஒண்ணு எதுன்னு போடுறதுக்கு முன்னாடியே எப்படிங்க தெரியும்?

நான் பொழப்பே இதுல ஓட்டுறவன். ஒரு வீடியோ, 12 நாள் வேலை. ஃபான்ட் மாத்தி, மியூசிக் மாத்தி, லோகோவ இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்கன்னு மேல இருந்து சொல்ல அதையும் மாத்தி, கடைசில ஃபைல் பேரே 'ஃபைனல் ஃபைனல் 7'. போட்டோம். 43 வியூஸ், அதுல பாதி நானே திரும்பத் திரும்ப பாத்தது. அதே வாரம் பேக்கிங் பண்ற தம்பி டேப்ப பல்லால கடிச்சு கிழிக்கிறத சும்மா மொபைல்ல எடுத்து, எடிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, அப்படியே போட்டேன், "ஒரு கத்திரிக்கோல் வாங்கிக் குடுங்கப்பா"ன்னு கமென்ட்ல எனக்கு ஒரே திட்டு, கூடவே ஆர்டரும் வந்துச்சு. இதுல எதுங்க தரம்?

ஷேவிங் பிளேடு விக்கிற அமெரிக்க கம்பெனி டாலர் ஷேவ் க்ளப்ப உதாரணம் காட்டினாரு. 2012 மார்ச்சுல ஒரே வீடியோ, ரெண்டே நாள்ல 12,000 ஆர்டர், உண்மைதான், மறுக்கல. ஆனா அதுல வந்து பேசின ஓனர் மைக்கேல் டூபின் அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா இம்ப்ரோவ் காமெடி, அதாவது எழுதி வைக்காம மேடையிலயே அடிச்சு விடுற காமெடி, கத்துக்கிட்டவருங்கறத அய்யா லேசா முழுங்கிட்டாரு. அந்த ஒரு வீடியோவுக்கு பின்னாடி எத்தனை தடவ சொதப்பியிருப்பாரு! யூடியூப்ல உலகப் புகழ் வாங்கின மிஸ்டர் பீஸ்ட் 2012ல சேனல் ஆரம்பிச்சப்போ வயசு 13, உக்காந்து ஒரு லட்சம் வரைக்கும் எண்ணுற வீடியோ பேசப்பட்டது 2017ல. நடுவுல அஞ்சு வருஷம் போட்டுக்கிட்டே இருந்தாரு. சித்திரமும் கைப்பழக்கம்னு நம்மாளுங்க சும்மாவா சொன்னாங்க.

இன்னொண்ணு, எதிரணி நினைக்கிற மாதிரி நீங்க போடுறத எல்லாரும் பாக்குறதில்ல. ஜனங்க தங்களோட ஃபீட்ல, அதாவது ஆப்ப திறந்தா வரிசையா வர்ற போஸ்ட்டுகள்ல, சராசரியா 70 சதவீதத்த பாக்காமலே விட்டுடுறாங்கன்னு 2016ல இன்ஸ்டாகிராமே சொன்னுச்சு, அத காரணம் காட்டித்தான் போஸ்ட் வர்ற வரிசையையே மாத்துனாங்க. மாசத்துக்கு ஒண்ணு செதுக்கிப் போட்டுட்டு அது அந்த 70ல போயி விழுந்தா அடுத்த மாசம் வரைக்கும் என்ன பண்றது, சாமி கும்பிடுறதா?

குப்பைய கொட்டினா, எத யாருக்கு காட்டணும்னு முடிவு பண்ற அல்காரிதம் அமுக்கிடும்னாரு. அமுக்கும். "லைக் போடுங்க, ஃப்ரெண்ட டேக் பண்ணுங்க"ன்னு கெஞ்சுற போஸ்ட்ட கீழ தள்ளப்போறோம்னு ஃபேஸ்புக் 2017 டிசம்பர்லயே அறிவிச்சாச்சு. ஆனா அடி விழுந்தது கெஞ்சுனதுக்கு, அதிகமா போட்டதுக்கு இல்ல. ஒரே படத்த பத்து தடவ போடுறவனுக்கு நானும் வக்காலத்து வாங்கலங்க. பத்து நாள் பத்து விதமா போட்டு, எத எந்த செகண்ட்ல தள்ளிட்டு போறாங்கன்னு கிராஃப பாத்து அடுத்தத மாத்துறான் பாருங்க, அவனுக்குத்தான் பேசுறேன்.

நடுவர் மணி மேல கைய வச்சுட்டாரு. அடுத்து வர்ற எதிரணி நண்பர்கிட்ட ஒரே கேள்வி, நீங்க கடைசியா போஸ்ட் போட்டது என்னைக்கு? டிராஃப்ட்ல இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க.