மணல் மேட்டுக்குப் பின்னால் போகட்டும் பாதை

பெரியோர்களே, நகராட்சி உறுப்பினர்களே, பொறியாளர்களே, மீனவர் சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

கடலோர ஊரில் நடைபாதையையும் சைக்கிள் பாதையையும் நீட்டலாம் என்று பேச்செடுத்த உடனே, வரைபடத்தில் அலைக்கரையை ஒட்டி ஒரு கோடு விழுந்துவிடுகிறது. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் நீட்டினாலும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் நீட்டினாலும் அதே கோடுதான். அதை மணல் மேட்டுக்குப் பின்னால் நகர்த்துங்கள் என்று கேட்கவே இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். கடலைப் பார்க்க ஆங்காங்கே குறுக்காகக் கிளைப்பாதை விட்டால் போதும்.

முதல் காரணம் காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கரை மணல் நகரும். வாடை அடிக்கும் மாதங்களில் வடகரை மணல் நகரும். தனுஷ்கோடி கடந்து நிலம் முடியும் அரிச்சல்முனைச் சாலைக்கு இருபுறமும் கல் அடுக்கியிருக்கிறோம். ஆனாலும் கடல் பொங்கும் நாளில் மணல் மேலே ஏறிவிடுகிறது, இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு அந்தச் செலவு கட்டும். நகராட்சியின் நடைபாதைக்குக் கட்டாது.

கடல்பக்கம் கைப்பிடிச் சுவர் எழுப்பினால் மணல் வராது என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது வேறு. கெட்டியான சுவரைத் தாண்டியதும் காற்றின் வேகம் தணியும். வேகம் தணிந்த இடத்தில் மணல் விழும். அந்த இடத்தில்தான் நம் பாதை இருக்கும். ஆகவே சுவர் வேண்டாம். பாதையைச் சுற்றுத்தரையைவிட ஒரு சாண் உயர்த்தினால் காற்று மணலைக் குறுக்காகக் கடத்திக்கொண்டு போய்விடும். மேட்டை இறுக்கிப் பிடித்திருப்பவை அடம்பங்கொடியும் இராவணன் மீசையும். வேலை தொடங்கும்போது முதலில் இவற்றைத்தான் புதர் என்று வழித்துவிடுகிறார்கள். கல்லும் ஜல்லியும் கொட்டும் இடத்தை ஒப்பந்தத்திலேயே குறித்து, மேட்டின் மேல் ஒரு சட்டி ஜல்லிகூட விழக்கூடாது என்று எழுதுங்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை மணல் மேடு, சதுப்புநிலக் காடு, பவளப்பாறை, ஆமை முட்டையிடும் இடம் எல்லாவற்றையும் மிகக் கடுமையான முதல் வகையில் வைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாப் பக்கம் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவும் உண்டு. எனவே முதலில் கிராமக் கணக்கில் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து, எது புறம்போக்கு, எது வனத்துறை, எது பட்டா என்று புல எண் வாரியாகப் பிரியுங்கள். இராமேசுவரத்துக்குக் கிழக்கே 1964 புயலில் அழிந்த ரயில் தடம் கண்ணுக்கு நல்ல பாதையாகவே தெரியும். ஆனால் அங்கே மீண்டும் தண்டவாளம் போடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. எழுத்தில் அனுமதி வராமல் அதை நம்பி ஒரு மீட்டரும் வரையாதீர்கள்.

அடுத்தது கரையில் பிழைப்பவர்கள். கரைவலை இழுக்கத் திறந்த கரை வேண்டும். வத்தை என்னும் நாட்டுப்படகை ஏற்றி வைக்க வழி வேண்டும். கடற்பாசி எடுக்கும் பெண்கள் மூட்டையோடு ஏறிவர வேண்டும். கரையோடு பாதை போட்டால் சுத்தமான, சூடான, வழவழப்பான தரை கிடைத்தது என்று அங்கே கருவாடு காயும், வலை காயும். அது அவர்கள் குற்றமில்லை. காயவைக்க வேறு தளம் இல்லை. பாதைக்கு ஒதுக்கும் பணத்திலேயே உலர்தளம் கட்டிக்கொடுங்கள், அதையும் பாதைக்கு முன்பே கட்டுங்கள்.

இனி அளவுகள். நடப்பவரும் சைக்கிளும் சேர்ந்து போனால் அகலம் 3 மீட்டருக்குக் குறையக்கூடாது. அக்னி தீர்த்தம் போல யாத்திரிகர் கூடும் இடத்தில் 3 மீட்டரும் போதாது. நடைக்கு 2 மீட்டர், சைக்கிளுக்கு 2.5 மீட்டர் என்று பிரித்து, இரண்டுக்கும் இடையே மட்ட வித்தியாசம் வையுங்கள். வெறும் வண்ணக்கோட்டை அமாவாசைக் கூட்டம் மதிக்காது. சரிவுப் பாதை 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றத்துக்கு மேல் செங்குத்தாகக் கூடாது. மழைநீர் வடிய 50-க்கு 1 வாட்டம் போதும்.

தளத்துக்குக் கம்பி இல்லாத கான்கிரீட்டையே நான் சொல்வேன். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு வெட்டு இணைப்பு தேவை. அதைத் தள்ளிப்போட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு விரிசல் விடும். இன்டர்லாக் கல் பதிப்பதானால் கனம் 60 மில்லிமீட்டர். மீனுக்கு ஐஸ் ஏற்றிவரும் வண்டி குறுக்கே ஏறும் இடத்தில் 80. இருபுறமும் விளிம்புக்கல் இல்லாவிட்டால் அடிமணல் நழுவிக் கற்கள் பிரிந்துவிடும். கடல்மணலைப் படுகையாகப் போட்டால் உப்பு வெள்ளையாகப் பூத்து வெளியே வரும்.

உப்பங்கழி குறுக்கிட்டால் மண் கொட்டிக் கரை போடாதீர்கள். இங்கே ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தச் சிறு ஓட்டம் நின்றாலும் உள்பக்கத்து அலையாத்தி காய்ந்துபோகும். தூண் மேல் பலகைப் பாதையே அங்கே பொருந்தும்.

நிழலுக்குச் சவுக்கு வேண்டாம். ஆமை ஏறும் கரையில் அது தடை. இந்த மண்ணுக்கே உரிய குடைவேல், பின்னால் பூவரசு, புன்னை நடுங்கள். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். அடித்தூர் இருந்தால் மறுபடி தழைக்கும். அதன் ஒரு முள் சைக்கிள் டியூபுக்குப் போதும். பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பாதையை விட்டு மீண்டும் நெடுஞ்சாலைக்கே போவதற்கு அந்த முள்ளே காரணமாகிவிடும்.

விளக்கு முழங்கால் உயரத்தில், மஞ்சள் ஒளியில், கடல்பக்கம் மறைத்து இருக்கட்டும். முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக் கரைக்குள்ளேயே ஊர்ந்துவிடும்.

நுழைவாயிலில் தூண்களுக்கிடையே 1.5 மீட்டர் விடுங்கள். கார் வராது, சக்கர நாற்காலி வரும். ஆனால் மோட்டார் சைக்கிளும் வரும். அதைத் தூண் தடுக்காது, காவல்துறைதான் தடுக்க வேண்டும்.

செலவு மதிப்பீட்டுக்கு முன் ஒரு வேலை. கோடு போடும் வழிநெடுக 50 மீட்டருக்கு ஒரு கழி நட்டு, தரைமட்டத்தைப் பெயின்டில் குறியுங்கள். கச்சான் பருவத்திலும் வாடைப் பருவத்திலும் மாதம் ஒருமுறை மணல் ஏறியதையும் அரித்ததையும் அளந்து எழுதுங்கள். ஒரு சாணுக்கு மேல் ஏறும் இடங்களில் கோட்டை இன்னும் உள்ளே தள்ளுங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவது அந்தப் பதிவேடு நிரம்பிய பிறகு.