மரபா, அதிகாரமா?

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். 'அரபு நாடுகளில் புதுமாதிரி முடிவெட்டையும் பச்சை குத்துவதையும் எதிர்ப்பது மரபைக் காக்கவா, அதிகாரத்தைக் காட்டவா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அதிகாரத்தைக் காட்டத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி ஐயா ஹதீஸ்களை, அதாவது நபிகள் நாயகத்தின் சொல், செயல் பற்றிய பதிவுகளை, எடுத்து வைத்தார். சரி, இருக்கிறது. தலையில் ஒரு பக்கம் மழித்து மறுபக்கம் விடுவதை நபிகள் நாயகம் தடுத்திருக்கிறார்கள், 'கஸஃ' என்பார்கள். பச்சை குத்துவதற்கான கண்டனம் இன்னும் கடுமையானது. மறுக்கவில்லை. ஆனால் கஸஃ 'மக்ரூஹ்', அதாவது விரும்பத்தகாதது என்பதே இமாம் நவவி போன்ற பழைய இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் முடிவு. விரும்பத்தகாததற்கு லாக்கப் எதற்கு ஐயா?

மரபு என்றீர்களே, யாருடைய மரபு? ஜோர்டானிலும் ஈராக்கிலும் வயதான பதூயின் (பாலைவன நாடோடி இன) பாட்டிகளின் முகவாயைப் பாருங்கள். கீழுதட்டிலிருந்து மோவாய் வரை நீலப் புள்ளிகளும் கோடுகளும் இறங்கும். விளக்குக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்து ஊசியால் குத்தியது. அல்ஜீரியாவின் ஔரஸ் மலையில் அமாசிக் (பெர்பர்) பழங்குடிப் பாட்டிகளுக்கு நெற்றியிலேயே உண்டு. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் இன்றும் குழந்தையின் வலது மணிக்கட்டில் சிலுவை குத்துகிறார்கள். பாட்டி குத்தினால் அழகு, பேரன் குத்தினால் மேற்கத்திய மோகமா?

இப்போது அந்தப் 'பாதுகாப்பு' எப்படி நடந்தது என்று பார்ப்போம். 2013 ஏப்ரலில் காஸாவில் ஹமாஸ் போலீஸ், ஜெல் தடவி முடியைக் குத்திட்டு நிறுத்திய பையன்களைத் தெருவிலேயே பிடித்தது. தலையில் மெஷினை ஓட்டி அனுப்பியது. அடி வாங்கியவர்களும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு பாக்தாத்தில் 'எமோ', அதாவது மேற்கத்திய ராக் இசைப் பாணியில் முடியும் உடையும் வைப்பவர்கள், என்று முத்திரை குத்தப்பட்ட இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். முடியும் உடையும்தான் அவர்கள் செய்த குற்றம். இதற்கும் மரபு என்றே பெயர் வைப்பீர்களா?

சவுதியில் கோல்கீப்பர் வலீத் அப்துல்லாவை மைதான ஓரத்தில் நிறுத்தி, ஆட்டத்துக்கு முன் கத்தரிக்கோலால் முடியை வெட்டினார்கள். கேமரா முன்னாலேயே! 2017-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கால்பந்துச் சங்கம் முடிக்காக எச்சரித்த வீரர்கள் நாற்பதுக்கும் மேல். கானாவின் அசமோவா ஜியானும் அதில் ஒருவர். (கோல் அடித்தாரா என்று கேட்பதை விட்டுவிட்டுத் தலையைப் பார்த்திருக்கிறார்கள்!)

நடுவர் அவர்களே, மணியடிக்கும் முன் ஒன்றே ஒன்று. அதே சவுதியில் 2023-ல் அல் ஹிலால் கிளப் பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரைக் கோடிகளைக் கொட்டிக் கொடுத்து வாங்கியது. கழுத்து, கை, முதுகு என்று உடம்பெல்லாம் பச்சை. ரியாத் ஸ்டேடியத்தில் வாணவேடிக்கையோடு வரவேற்பு. அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்: காஸா பையனின் உச்சிமுடியில் கெட்டுப்போன மரபு, நெய்மாரின் கழுத்தில் ஏன் கெடவில்லை?